வேண்டாம் என்று சொன்ன பெயர்

கோபம் வந்தால் எல்லாமே மறந்துபோகும் என்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் கோபம் நல்ல சொற்களை விரட்டிவிட்டு, வேண்டாததை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

அக்கா மகள் சுமதிக்குக் கச்சிராயபாளையத்தில் நிச்சயம். ஆவணி மாதம், வளர்பிறைப் பஞ்சமி. (கிழமையும் வேண்டுமா? வெள்ளி.) தட்டித் தட்டிப் போய்க் கடைசியில் கூடிவந்த இடம். மாப்பிள்ளை வீட்டார் மூங்கில்துறைப்பட்டிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள்.

அவர்களுடைய பங்காளிகளை மூப்பு வரிசையில் பெயர் சொல்லி அழைத்துச் சபைத் தாம்பூலம் கொடுக்க வேண்டும். நான் தாய்மாமன். போதாததற்கு ஊர் வரலாறு எழுதுகிறவன், கல்வராயன் மலை ஜாகீர்தார்களையே வரிசை மாறாமல் ஒப்பிக்கிற மேதை. வேலை என் தலையில் விழுந்தது.

மாப்பிள்ளையின் அப்பா என் காதில் ஏழெட்டுப் பெயர்களைச் சொன்னார். கடைசியாக, "அதோ, தூணாண்ட உக்காந்துகினு இருக்கானே, அவன் ஏழுமலை. கெணத்துப் பங்குல எங்களுக்குள்ள கேஸு. அவனா வேன்ல ஏறி வந்துட்டான். அவன் பேரை மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா நாங்க எழுந்துடுவோம்" என்றார்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க இல்ல, வுடுங்க" என்றேன்.

அப்போது அக்கா வீட்டுக்காரர், ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் நடந்த வருஷத்தைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தினேன். (யார் கேட்டார்கள்?)

"இன்னா மச்சான், எவன் என்னிக்குச் செத்தான்னு எழுதிக்கினு இருக்கறதுதான ஒனக்கு வேலை? வந்த எடத்துல கம்முனு இரு. ஒன் பொண்டாட்டியே ஒன்ன மதிக்கிறதில்ல!"

சபை சிரித்தது. என் மனைவி சபையைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சிரித்தாள்.

அதே நேரம் பார்த்துத் தாம்பூலத் தட்டு என் கைக்கு வந்தது. காது கொதித்தது. முதல் பெயர் கோவிந்தசாமியா, கோபாலா? இரண்டாவது? மண்டைக்குள் 'செத்தான்' இருந்தது, 'மதிக்கிறதில்ல' இருந்தது, 'கேஸு' இருந்தது. இவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு பெயர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"ஏழுமலை அண்ணன் வாங்க!" என்றேன், கணீரென்று.

அவர் நம்பாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். "மொத மரியாதை எனக்கா!" என்றபோது கண் கலங்கியிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். "எல்லாரும் வேன்ல ஏறுங்க."

பந்தியில் போட்ட இலைகள் அப்படியே கிடந்தன. வேனில் இடம் கிடைக்காத ஏழுமலை மட்டும் இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவரை ஊர்வரை என் வண்டியில் கொண்டுபோய் விட்டதும் நான்தான்.

சுமதியை அடுத்த தையில் சங்கராபுரத்தில் கொடுத்தோம். நல்ல இடம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

இப்போதும் நான் கடைக்குப் போகப் பையை எடுத்தால், "எது வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க, அதைத்தான் வாங்கிக்கினு வருவாரு" என்பாள் மனைவி. வீடே சிரிக்கும். போன பொங்கலுக்குப் பிள்ளையோடு தனியாக வந்திருந்த சுமதியும் சிரித்தாள்.

"மாமா, அந்த மூங்கில்துறைப்பட்டு மாப்பிள்ளை பேரு இன்னா? அதாவது ஞாபகம் இருக்கா?"

நன்றாகவே இருந்தது. மறந்துவிட்டது என்று சொன்னேன்.