தென்மேற்கு மூலையிலிருந்து பன்னிரண்டு மில்லிமீற்றர்

யேசு, மரி, சூசை துணை

மன்னார்,
21.09.2024

பாசமுள்ள மச்சான் சசிகரனுக்கு,

அத்தான் செபமாலை எழுதிக்கொள்வது. நானும் வீடும் கிணறும் சுகம். கனடாவில் நீரும் உமது மனைவி மக்களும் குறையில்லாமல் இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். உம்முடைய சின்னக்கா வசந்தமலரின், அதாவது என் மனைவியின், முப்பத்தோராம் நாள் திருப்பலி கடந்த வியாழக்கிழமை நிறைவேறியது. அதன் நினைவு அட்டைகள் மூன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீர் சாகவில்லை. திரேசம்மா அக்காவும் சாகவில்லை. மற்றதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் என் மாமியின், உங்கள் அம்மாவின், கல்லறையில் பிள்ளைகளின் பெயர்கள் வெட்டியது உமக்கு நினைவிருக்கும். ஆண்பிள்ளை என்று உமது பெயரை மேலே வெட்டினார்கள், மூத்தவள் திரேசம்மாவின் பெயரைக் கீழே வெட்டினார்கள். வெட்டச் சொன்னது நீர் அல்ல. கல் வேலைக்காரர் தன் வழக்கப்படி வெட்டினார். ஆனால் திருத்தச் சொன்னதும் நீர் அல்ல. இரண்டு பெயருக்கும் நடுவில் மூன்று அங்குலம் இருக்கிறது, நான் அளந்து பார்த்தேன். அந்த மூன்று அங்குலத்துக்காக நீங்கள் இரண்டு பேரும் ஒன்பது வருடமாகக் கதைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை வசந்தமலர் என்னிடம், “என்ர அட்டையில அக்காவையும் தம்பியையும் ஒரே உயரத்தில போடுங்கோ. நீங்கள் அளந்து போட்டா ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்” என்றாள். “விசர்க்கதை கதையாதையும், படும்” என்றேன். அவள் படுத்தாள். நான் வீட்டுக்கு வந்து அளக்கத் தொடங்கினேன்.

முப்பத்தொரு வருடம் நில அளவைக் கந்தோரில் படம் கீறியவன் நான். வெள்ளாங்குளம் தொடக்கம் முசலி வரை எவருடைய வேலி எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னவனுக்கு, பத்து சென்ரிமீற்றருக்குப் பதினைந்து சென்ரிமீற்றர் அட்டை ஒரு பெரிய காணி அல்ல. முறைப்படி தென்மேற்கு மூலையைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக் கட்டமும் கிழக்கே எவ்வளவு தள்ளி, வடக்கே எவ்வளவு உயர்ந்து நிற்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன். சிலுவை நூற்று நாற்பத்து மூன்று மில்லிமீற்றர் உயரத்தில். வசந்தமலரின் பெயர் நூற்று முப்பத்து நாலில். படம் எண்பத்திரண்டில். செபம் நாற்பதில். “பிரிவால் வாடும் சகோதரங்கள்” என்ற தலைப்பு இருபத்திரண்டில். அதற்குக் கீழே, சரியாகப் பன்னிரண்டில், இடப்பக்கம் திரேசம்மா, வலப்பக்கம் சசிகரன். இரண்டு பெயருக்கும் ஒரே எழுத்து, ஒரே பருமன், ஒரே உயரம். ஐக்கிய நாடுகள் சபை வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

தாளைக் கொண்டுபோய், அச்சகத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கழுதையை விலக்கிவிட்டு, அங்கே கம்பியூட்டரில் வேலை செய்யும் பவ்ஸானிடம் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்து, “சேர், இவ்வளவு நுணுக்கமா எனக்கு ஒருத்தரும் தந்ததில்லை. வாறவங்க எல்லாம் ‘வடிவாப் போடு தம்பி’ எண்டுதான் சொல்றது” என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பவ்ஸான் நான் எழுதிய எண்களை ஒன்றும் பிசகாமல் அப்படியே அடித்தார். பிழை அங்கேதான். என் தாளில் உயரம் கீழ் ஓரத்திலிருந்து. அவருடைய கம்பியூட்டரில் உயரம் மேல் ஓரத்திலிருந்து. பிறகு அவர் அதை எனக்கு விளங்கப்படுத்தினார். “சேர், இது மேலயிருந்து கீழ்நோக்கித்தான் அளக்கும்.” நான் கேட்டேன், “மேலயிருந்து ஆர் தம்பி அளக்கிறது? மேலயிருந்து அளக்கிறவர் ஒருத்தர்தான். அவர் அட்டை அடிக்கிறேல்ல.” “இந்த மெஷினும் அளக்கும் சேர்” என்றார் பவ்ஸான், மிகுந்த மரியாதையோடு.

ஆகவே, மச்சான், அட்டையில் கீழே நிற்க வேண்டியதெல்லாம் மேலே போய்விட்டது, மேலே நிற்க வேண்டியது கீழே வந்துவிட்டது. ஒன்றோடொன்று மோதியிருந்தால் எவராவது கண்டுபிடித்திருப்பார்கள். நான் இடைவெளிகளை அவ்வளவு கவனமாக விட்டிருந்தபடியால் ஒன்றும் ஒன்றிலும் முட்டவில்லை. அட்டை மிகவும் ஒழுங்காக, மிகவும் அமைதியாக, தலைகீழாக இருந்தது. உச்சியில், சிலுவை நிற்க வேண்டிய இடத்தில், நீரும் திரேசம்மாவும். அதற்குக் கீழே “பிரிவால் வாடும் சகோதரங்கள்”. பிறகு செபம். பிறகு வசந்தமலரின் படம், பெயர். அடி ஓரத்தில் சிலுவை. ஐந்நூறு அட்டை. திருப்பலி தொடங்கக் கால் மணித்தியாலம் இருக்கையில் கட்டு கோவிலுக்கு வந்து சேர்ந்தது. கட்டை அவிழ்த்தபோது நான் பாதரோடு நின்றேன். திரும்பி வருவதற்குள் சனம் எல்லோருடைய கையிலும் அட்டை.

மன்றாட்டு வாசிக்க வேண்டியவர் விஜிதா ரீச்சர். அவர் எழுதி வைத்த துண்டை வீட்டில் மறந்துவிட்டு வந்ததால், கையிலிருந்த அட்டையைப் பார்த்து வாசித்தார். நினைவு அட்டையில் உச்சியில் நிற்கிற பெயர்தானே இறந்தவருடைய பெயர். அவரில் பிழை சொல்ல முடியாது. “இறைவனில் துயில்கொள்ளும் திரேசம்மா, சசிகரன் ஆகியோரின் ஆன்மா இளைப்பாறும்படியாக” என்று தெளிவாக, நிறுத்தி வாசித்தார். கோவில் நிறைந்த சனம், முன் வாங்கில் திரேசம்மா இருப்பதைப் பார்த்துக்கொண்டே, “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. பழக்கம். திரேசம்மா எழும்பினாள். “நான் இன்னும் இருக்கிறன் ரீச்சர்” என்றாள். ரீச்சர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு பாதரைப் பார்த்தார். பாதர் கூரையைப் பார்த்தார். திரேசம்மா திரும்ப இருந்தாள். ஆனால் பூசை முடியும்வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே இருந்தாள்.

பூசைக்குப் பிறகு மண்டபத்தில் தேத்தண்ணி கொடுத்தோம். அடம்பனிலிருந்து பிந்தி வந்த உறவுக்காரர் ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்து, “மூண்டு பேரையும் ஒரே மாசத்திலயோ?” என்று அழுதார். அவரை ஒரு கதிரையில் இருத்திவிட்டுத் திரேசம்மாவிடம் போனேன். என் தொழிலில் முதல் தடவையாக மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் என்னைக் கதைக்க விடவில்லை.

“என்னைச் சொன்னது பறவாயில்லை, எனக்கும் வயசு போகுது. அவன்ர பேரைச் சொல்லேக்கதான் எனக்கு நெஞ்சு திக்கெண்டது. உண்மையா அவனுக்கு ஏதும் நடந்தா எனக்கு ஆர் சொல்லுவினம்? உந்த ரீச்சர் வாசிச்சுத்தானே நான் அறிவன்?”

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெயர்களுக்குக் கீழே சுட்டுவிரலை மெல்ல ஓட்டிப் பார்த்தாள்.

“என்னை விட மேல இல்லை. நானும் அவனை விட மேல இல்லை” என்றாள்.

“தலைகீழாய்ப் போனாலும் அது மாறாது. ரெண்டுக்கும் ஒரே எண்” என்றேன்.

“வசந்திதான் கீழ கிடக்கிறாள்.”

“வேற அடிக்கச் சொல்லிப்போட்டன். பவ்ஸான் சும்மா அடிச்சுத் தாறாராம்.”

“வேண்டாம். வீட்டிலயும் அவள் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதானே இருந்தவள். இதில மட்டும் என்ன புதினமா மேல இருக்கப்போறாள்? உது இருக்கட்டும்” என்றாள். பிறகு, “அவன்ர நம்பர் இருக்கோ?” என்று கேட்டாள். அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு விடத்தல்தீவுக்குப் பஸ் ஏறினாள்.

நேற்று நான் போன் எடுத்து, கதைத்தீர்களா என்று கேட்டேன். “அவன் முதல் எடுக்கட்டும்” என்கிறாள். பெயர்களை ஒரே உயரத்தில் வைக்க எனக்குத் தெரியும். இரண்டு பேரை ஒரே நேரத்தில் போன் எடுக்க வைக்கும் கணக்கு எங்கள் திணைக்களத்தில் இல்லை. ஆகவே நீர் எடும். அவளுடைய இலக்கத்தை உமது அட்டையின் பின்பக்கம், இடது கீழ் மூலையிலிருந்து இருபது மில்லிமீற்றர் உயரத்தில் எழுதியிருக்கிறேன். மேலிருந்து தேடினாலும் அகப்படும். உமக்கு அங்கே கம்பியூட்டர் கொம்பனியில்தான் வேலை என்றபடியால், எல்லா அளவும் இனிக் கீழிருந்து மேலாகத்தான் தொடங்க வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு கண்டனக் கடிதம் எழுதும். ஒரு பிரதி பவ்ஸானுக்கும் போகட்டும், அவர் இனியாவது கேட்டுச் செய்வார்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உமக்கும் உமது வீட்டுக்கும் மாதாவின் நிழல் என்றும் இருப்பதாக.

அன்புள்ள அத்தான்,
ம. செபமாலை

பி.கு.: கண்டனக் கடிதம் எழுத வேண்டாம். பவ்ஸான் கேட்டுத்தான் செய்தார். அச்சடிக்க முதல் நாள் ஒரு மாதிரி அட்டையை என் முன்னால் வைத்தார். நான் அடிமட்டத்தை எடுத்து உங்கள் இரண்டு பேரின் பெயரையும் மட்டும் அளந்தேன். அரை மில்லிமீற்றரும் பிசகில்லை. “சேர், படத்தையும் ஒருக்காப் பாருங்களன்” என்றார். பார்த்தனான் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். பார்க்கேல்ல மச்சான். அவளைப் பார்க்க எனக்கு இன்னும் ஏலாமல் கிடக்கு.