கம்பெனிக்குத் தூர் வாரப் போனேன்

கோவில்பதாகை,
செவ்வாய்க்கிழமை, மார்க்கெட் மூடிய பிறகு.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு,

தங்கள் தங்கை வடிவின் புருஷன் ஜம்புலிங்கம் பணிவாக எழுதிக்கொண்டது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம். நசரத்பேட்டையில் தங்கள் முழங்கால், வீட்டில் உள்ளவர்கள், புதிதாகப் போட்ட போரில் வரும் தண்ணீர் எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். ஒரு போன் போட்டால் முடிகிற விஷயத்துக்கு இந்த மனிதன் ஏன் காகிதத்தை எடுத்தான் என்று தாங்கள் யோசிக்கலாம். போன் என் கையில் இல்லை. உங்கள் தங்கை அதை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரிடமாவது பேச வேண்டும் என்று வாங்கினால் என் கட்டைவிரல் தானாகவே ஷேர் பார்க்கிற இடத்துக்குப் போய்விடுகிறது என்கிறாள். அது பொய்யும் இல்லை. ஆகையால் எழுதுகிறேன். என் சிநேகிதன் எத்திராஜ் நாளைக்கு உங்கள் பக்கம் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்த உடனே தாங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். நம் பெண் ஜெயப்பிரியாவின் கல்யாணம் இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது.

எல்லாம் அந்த எத்திராஜால் வந்தது. அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயிலுக்கு அடியில் படுத்துப் படுத்தே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். அவன் ஒரு கப்பல் கட்டும் கம்பெனியில் ஷேர் வாங்கினான். ஏன்டா கப்பல் என்றால், "இரும்புல செஞ்சது எதுவும் ஏமாத்தாது மாமே. கப்பல்னா இன்னா? தண்ணில போற ரயிலு, அவ்ளோதான்" என்றான். எனக்குக் கப்பலில் நம்பிக்கை வரவில்லை. ஆவடியில் பிறந்தவனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும், பீரங்கி வண்டி என்றாலாவது ரோட்டில் போகும்போது பார்த்திருக்கிறேன். ஆனால் நம் ஜனங்களைப் பற்றித் தெரியும். பள்ளிக்கூடம் திறந்தால் நகையை வைப்பார்கள், பொங்கல் வந்தால் வைப்பார்கள், வைத்ததை மீட்பதற்கு இன்னொன்றை வைப்பார்கள். ஆகையால் நான் ஒரு நகைக்கடன் கம்பெனியில் ஷேர் வாங்கினேன். மச்சான், வாங்கிய அன்றைக்கே அது ஏறியது! தொழிற்பேட்டைக் கம்பெனியில் அத்தனை வருஷம் ஷிப்டுக்குப் போய் வியர்வையில் சம்பாதித்தவன், அன்றைக்கு ஈசி சேரில் மோர் குடித்துக்கொண்டே சம்பாதித்தேன். ஆனந்தம் தாங்காமல் பக்கத்து ஃபிளாட் ஐ.டி. பையனைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவன் இப்போதெல்லாம் லிஃப்டில் நான் இருந்தால் படியில் இறங்குகிறான்.

அதற்குப் பிறகு எங்களுக்கு நேரம் போனதே தெரியவில்லை. கப்பல் ஏறினால் எத்திராஜ் டீ வாங்கித் தருவான், நகைக்கடன் ஏறினால் நான் வாங்கித் தருவேன், இரண்டும் ஏறினால் போண்டா, இரண்டும் இறங்கினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏரிக்கரையில் ஆளுக்கொரு பக்கமாக நடப்போம். கப்பல் கம்பெனிக்குப் புதிதாக ஆர்டர் வந்திருக்கிறது என்று செய்தி வந்தால் அவன் வீட்டில் பாயசம். போன மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது ஊரே கார்ப்பரேஷனைத் திட்டியது, அவன் ஒருவன்தான் வாசலில் நின்று, "நிக்கட்டும் மாமே, அப்பத்தான் கப்பலோட அருமை தெரியும்" என்று சிரித்தான். என்னையும் பித்து விடவில்லை. ஷேர் ஏறினால் போனில் பச்சை, இறங்கினால் சிவப்பு என்று காட்டும் அல்லவா, அதனால் வீட்டில் சிவப்பு எதுவும் கண்ணில் படக்கூடாது என்று சட்டம் போட்டேன். தினமும் கீரை வாங்கினேன், தக்காளியை நிறுத்தினேன். உங்கள் தங்கை கரண்டியோடு வந்து, "இன்னாயா, தக்காளி இல்லாம ரசத்த உன் கப்பல்லயா வெக்கிறது?" என்றாள். கப்பல் எத்திராஜுடையது, என்னுடையது நகைக்கடன் என்று விளக்கினேன். கரண்டி கீழே இறங்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு கிணற்றில் பங்கு என்றால் முறை வரும்போது இறைத்துக்கொண்டால் மட்டும் போதாது, தூர் வாரும் நாளில் நாமும் இறங்க வேண்டும். இறங்காதவனுக்குத் தண்ணீர் கிடையாது. கம்பெனியில் பங்கு வாங்கிவிட்டு ஈசி சேரில் சாய்ந்திருக்க என் மனசு இடம் கொடுக்கவில்லை. ஆகையால் ஆவடி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற கிளைக்குத் தினமும் காலையில் போக ஆரம்பித்தேன். ஆள் இல்லாத பக்கம் ஓடுகிற ஃபேனை நிறுத்தினேன். ஏசியைக் குறைத்தேன். வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடியாக வைத்தேன். வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, "இன்னா வெக்க வந்தீங்க? செயினா? நல்லா வெயிங்க, நல்லா வெயிங்க" என்று வாழ்த்தினேன். கிளை மேனேஜர் வர்ஷா என்று ஒரு சின்னப் பெண், மதுரைப் பக்கம், மரியாதை தெரிந்த பிள்ளை. ஒரு நாள் பக்கத்தில் வந்து மெதுவாக, "அங்கிள், நீங்க வாங்கிருக்க ஷேருக்கு இந்த நாற்காலிகூட வராது" என்றது. "ஒரு காலாவது வரும் இல்லம்மா?" என்று கேட்டேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் பேசி முடித்த சம்பந்தம், பூந்தமல்லி விஷால். பெண் பார்க்க வேண்டாம், சும்மா கோயிலில் சந்திப்பதுபோல் சந்திக்கலாம் என்று அவர்கள் சொல்லி, திருவேற்காட்டுக்கு உங்கள் தங்கையும் ஜெயப்பிரியாவும் போனார்கள். நான் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு நம் கம்பெனி லாபக் கணக்குச் சொல்கிற ரிசல்ட் நாள், மச்சான், எப்படிப் போவது? ஆகையால் பையனின் அம்மா ஞானம்மாளை நானும் பார்த்ததில்லை, அந்த அம்மாவும் என்னைப் பார்த்ததில்லை. போன வாரம் கிளையில் ஒரு அம்மா, மாம்பழக் கலர் புடவை, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கவுன்ட்டரில் நின்றார். என்னம்மா என்று விசாரித்தேன். நகையை மீட்க வந்தாராம். இப்படி ஒவ்வொருவராக வந்து மீட்டுக்கொண்டு போனால் கம்பெனி என்ன ஆவது?

"இன்னாமா, அதுக்குள்ள மீட்டுகினு போறீங்க?" என்றேன். "இங்க எவ்ளோ பத்திரமா கீது! ஊட்டுக்கு எட்த்துகினு போனா திருடன் பயம்."

"புள்ளைக்கு நிச்சயம் வெச்சிகீதுங்க. கய்த்துல போடணும் இல்ல?"

அங்கேயாவது என் வாய் மூடியிருக்கலாம். "அப்ப கண்டிப்பா எடுக்கக் கூடாது!" என்றேன். "வர்ற மருமவ எப்பிடியாப்பட்டவளோ, யாரு கண்டா? வந்ததும் அத்தினியும் கயட்டி அவ மாட்டிக்கினா இன்னா பண்ணுவீங்க? கொஞ்ச நாளு அவ கொணத்த பாத்துட்டு எடுங்க. இப்ப கையில கீற காச கப்பல் கட்ற கம்பெனில போடுங்க. நம்ம சிநேகிதன் போட்டு நல்லா கீறான்."

"கப்பலு கவுந்துடாதா?"

"கவுற்துக்கு அது இன்னும் தண்ணிக்கே போலமா. இப்பதான் கட்டிக்கினே கீறாங்க."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் வர்ஷா கண்ணைக் காட்ட, வாட்ச்மேன் வந்து என் முழங்கையைப் பிடித்து, "மொதலாளி, வெளில நல்ல வெயிலு, கொஞ்சம் காஞ்சிட்டு வாங்க" என்று மரியாதையாக வாசலுக்குக் கொண்டுபோய் விட்டான். கதவு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது.

நேற்றுக் காலை பூந்தமல்லியிலிருந்து போன். "நிச்சயத்த கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாம்" என்று மட்டும் சொல்லி ஞானம்மாள் வைத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. எவனோ நம் பெண்ணைப் பற்றிக் கோள் மூட்டிவிட்டான் என்று நான் குதித்தேன், அந்தப் படுபாவி மட்டும் கையில் கிடைத்தால் என்று பல்லைக் கடித்தேன். உங்கள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எவ்ளோ தங்கமான பொம்பள, பாருய்யா" என்று திருவேற்காட்டில் எடுத்த போட்டோவை நீட்டினாள். அதே மாம்பழக் கலர் புடவை. தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று பூந்தமல்லிக்காரர் ஆவடியில் வந்து நகை வைப்பார், ஆவடிக்காரர் பூந்தமல்லியில் வைப்பார் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? அந்த நேரத்தில் தோன்றவில்லையே! கோள் மூட்டிய படுபாவி நானே என்று உங்கள் தங்கையிடம் ஒப்புக்கொண்டேன். அப்போதுதான் போன் பீரோவுக்குள் போனது.

நிச்சயத்துக்குத் தைத்து வந்த ரவிக்கையை ஜெயப்பிரியா மடித்து உள்ளே வைத்தாள். எப்போதும் ஆபீசிலிருந்து வந்ததும் என்னோடு வம்பு வளர்க்கிற பிள்ளை, நேற்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது, மச்சான். அது முகத்தில் தெரிகிறது. பெற்றவனே அவள் குணத்தைப் பற்றிக் கண்டவரிடம் பேசிக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. குளியலறையில் போய் அழுதேன். அழுது முடித்த கையோடு, அந்த அம்மா கண்ணில் பட்டால் அடையாளம் தெரியக்கூடாது என்று மீசையையும் எடுத்துவிட்டேன். வெளியே வந்ததும் உங்கள் தங்கை பார்த்து, "கல்யாண ஊட்ல இன்னாயா இது கோலம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆகவே மச்சான், தாங்கள் உடனே பூந்தமல்லி போக வேண்டும். அந்த வீட்டில் ஞானம்மாள் வைத்ததுதான் சட்டம் என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆவடியில் நகைக்கடன் கம்பெனியே கதி என்று அலைகிற அந்த ஆள் பெண்ணின் அப்பா இல்லை, அவருடைய சித்தப்பா மகன், முகச்சாடை மட்டும் ஒன்று, சொந்தத்தில் யாரும் அவனோடு பேசுவதில்லை என்று சொல்லுங்கள். பெண்ணின் அப்பா பரம சாது, மீசையே கிடையாது என்றும் சொல்லுங்கள். பெண்ணின் குணத்துக்குத் தாய்மாமன் நீங்கள் ஜாமீன் கொடுங்கள். என் ஷேர் மொத்தத்தையும் விற்றுவிடுகிறேன். இனி அந்தக் கிளை இருக்கிற திசைக்கே போகமாட்டேன். இன்று மார்க்கெட்டுக்குப் போக ஷேர் ஆட்டோகூட ஏறவில்லை, நடந்தே போய்த் தக்காளி வாங்கி வந்தேன்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசியும். எல்லோருக்கும் எல்லாச் செல்வமும் ஏறுமுகமாகவே இருக்கக் கருமாரி துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
புத்தி தெளிந்த தங்கள் மைத்துனன்,
ஜம்புலிங்கம்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைக் கிழித்துக்கொண்டு எழுதுகிறேன். மேலே எழுதிய எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். சாயங்காலம் ஞானம்மாள் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இருமல் வந்துவிட்டது. "இந்தக் கொரல எங்கியோ கேட்டுகீறேனே" என்று கதவைத் தள்ளிப் பார்த்து, "ஐயோ அண்ணே, நீங்களா! நீங்கதான் பொண்ணோட அப்பாவா? உங்கள எங்கல்லாம் தேடிக்கினு இருந்தேன்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மீசை போனதுதான் மிச்சம். விஷயம் என்னவென்றால், அந்த அம்மா அன்றைக்கு நகையை மீட்கவே இல்லை. நான் சொன்னதுபோல் காசை அப்படியே கப்பலில் போட்டுவிட்டாராம். கப்பல் இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. "கய்த்துல ஒண்ணும் இல்லாம நிச்சயத்துக்கு எப்பிடி வர்றதுண்ணே? ஏறட்டும், வித்து நகைய மீட்டுகினு ஜம்முனு வரலாம்னுதான் தள்ளி வெச்சேன்" என்றார். "மருமவள பத்தி அப்பிடி சொன்னேனே" என்று இழுத்தேன். "பெத்த பொண்ணையே உட்டுக்குட்த்து கம்பெனிக்காக பேசினீங்க பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்?" என்றார். உங்கள் தங்கை பீரோவைத் திறந்து போனைக் கொடுத்துவிட்டாள், ஞானம்மாளுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும் அல்லவா. எத்திராஜையும் கூப்பிட்டோம். எப்போது விற்கலாம் என்று மூன்று பேரும் பேசப் பேச, நிச்சயம் ஐப்பசியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அப்போது ஜெயப்பிரியா காதில் போனோடு வெளியே வந்தாள். "நீங்க பேசிக்கினே இருங்க. நானும் விஷாலும் அடுத்த வெள்ளிக்கிழமை திருமுல்லைவாயில் கோயில்ல கல்யாணம் பண்ணிக்கிறோம், ரசீது போட்டாச்சு. நகை யாருக்கு வேணும், ஒரு மஞ்சக் கயிறு போதும்" என்றாள். அவள் சிரிப்பதைப் பார்த்து எனக்கு மறுபடியும் அழுகை வந்தது, இந்த முறை கூடத்திலேயே அழுதேன். தாய்மாமன் நீங்கள் மாலையோடு முன்னால் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவ்வளவு நல்ல முகூர்த்தமா, யார் பார்த்துக் கொடுத்தார்கள் என்று அவளைக் கேட்டேன். "அன்னிக்கு மார்க்கெட் லீவு நைனா" என்றாள். ஆகையால் நானும் சம்பந்தியம்மாவும்கூடக் கட்டாயம் வந்துவிடுவோம்.