கட்டாயம், அடுத்த வாரம்

அடுத்த வாரக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள்; காதில் விழுந்தால் வருத்தப்படுவார், அதையும் அடுத்த வாரம்தான் படுவார். தடுப்பூசிக்கு எதிரி என்றும் எண்ணிவிட வேண்டாம். ஊசியின் அருமையை அவரைப் போல எடுத்துச் சொல்ல ஆள் கிடையாது. சொல்வார், சொல்வார், சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்லி முடிக்கும்போது மருத்துவமனையைப் பூட்டிவிட்டு நர்ஸ் வீட்டுக்குப் போயிருப்பார்.

நம்முடைய ஆளுக்குத் தொழில் லிஃப்ட் பராமரிப்பு. கம்பிக் கயிற்றில் ஓர் இழை பிரிவதற்கு முன்பே மோப்பம் பிடித்து மாற்றிவிடுகிற கெட்டிக்காரர். "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, அப்புறம் பாத்துக்கலாமே" என்று எந்தக் கட்டடக்காரராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. "விழுந்தப்புறம் பாக்கறதுக்கு நான் எதுக்கு சார்?" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் காய்ச்சி எடுத்துவிடுவார். இப்படிப்பட்டவருடைய நாலரை வயது மகளுக்குத் தட்டம்மைக்கான இரண்டாவது ஊசி ஏழு வாரமாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் ஊசிக்கு அழைத்துப் போனது மனைவிதான். ரொட்டிக் கடையில் வேலை. விடிவதற்கு முன் போய், உச்சிவெயிலில் திரும்பி, அதற்கு மேல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். இந்த முறை மாமனார், மாமியார், மச்சினி எல்லோரும் கூடியிருந்த நேரம் பார்த்து, "இந்த ஊசி என் பொறுப்பு" என்று மார்தட்டினார் நம்மவர். யாராவது கேட்டார்களா? இல்லை.

முதல் வாரம் குழந்தை ஒரு தும்மல் தும்மியது. தும்மினால் பரவாயில்லை, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று நர்ஸ் போனில் சொன்னார். இவருக்கு மனசு கேட்கவில்லை. இரண்டாம் வாரம் மழை. மூன்றாம் வாரம் மழையில்லாத வெயில். நான்காம் வாரம் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது, எதற்குக் கெடுப்பானேன்? ஐந்தாம் வாரம் அழுதுகொண்டிருந்தது, எதற்கு இன்னும் அழவைப்பானேன்? ஆறாம் வாரம் மருத்துவமனை வாசல்வரை போயே விட்டார். உள்ளே ஏதோ ஒரு குழந்தை வீறிட்டது. அடுத்த நிமிடம் அப்பாவும் மகளும் எதிர்க்கடையில் நின்றார்கள்.

"போட்டாச்சா?" என்றாள் மனைவி.

"சாப்பிட்டாச்சு" என்றது குழந்தை, சட்டை முழுக்க ஐஸ்கிரீமோடு.

"ஏங்க, அந்த சிஸ்டர் மறுபடியும் போன் பண்ணினாங்க."

"அடுத்த வாரம் கட்டாயம்மா. கட்டாயம்!"

உண்மையை உங்களிடம் மட்டும் சொல்லிவிடலாம். இருபதாவது மாடியில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று பாட்டுப் பாடுகிற அந்த மனிதருக்கு ஊசி என்றால் குலைநடுக்கம். தனக்குப் போட வேண்டாம். பக்கத்தில் யாருக்காவது போட்டால் போதும், வாசல் எந்தப் பக்கம் என்று தேடுவார்.

ஏழாம் வாரம் செவ்வாய்க்கிழமை, மகளை விடப்போனபோது மழலைப் பள்ளி டீச்சர் வாசலிலேயே நிறுத்தினார்.

"ஒரு குழந்தைக்குத் தட்டம்மைன்னு நேத்துதான் தெரிஞ்சுது சார். ரெண்டு ஊசியும் போட்ட அட்டையைக் காட்டிட்டு விட்டுட்டுப் போங்க. போடலைன்னா மூணு வாரம் வீட்லயே வச்சுக்கணும்."

இவர் சட்டைப்பையைத் தடவினார். அதில் ஸ்குரூ டிரைவர்தான் இருந்தது.

அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகலாம் என்று வீட்டுக்குத் திரும்பினார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. அங்கே ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்று உண்டு. போகும்போதும் வரும்போதும் அதன் பாதத்தில் முத்தம் வைக்காவிட்டால் இவர் மகளுக்குப் பொழுது போகாது. வழக்கம்போல ஓடியவளை எட்டிப் பிடித்தார்.

"ஏன் அண்ணா, என்னாச்சு?" என்றாள் குழந்தையின் தாய்.

விஷயத்தைச் சொன்னார். அவள் குழந்தையைத் தோளில் சேர்த்துக்கொண்டாள்.

"இவனுக்கு அந்த ஊசி போட இன்னும் வயசாகலையே அண்ணா. உங்க பொண்ணுக்குப் போட்டிருப்பீங்கன்னு நான் தைரியமா இருந்தேன்."

அதில் கோபமே இல்லை. கதவை மெதுவாகச் சாத்தினாள், அவ்வளவுதான். திட்டியிருந்தாலாவது ஏழு வாரக் காரணத்தையும் நம்மவர் பதிலுக்கு எடுத்து விட்டிருப்பார். நெஞ்சில் சுருக்கென்றது, ஊசி குத்துவதற்கு முன்பே குத்திவிட்டது.

மருத்துவமனையில் நர்ஸ் அட்டையையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார்.

"ஓஹோ, அடுத்த வாரம் சார் நீங்கதானா? வாங்க. இப்பப் போட்டாலும் பிரயோஜனம் உண்டு. நல்லவேளை, அடுத்த வாரம் வரலை."

மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்பா, வலிக்குமா?"

"சேச்சே! எறும்பு கடிக்கிற மாதிரிடா கண்ணு. அப்பா இருக்கேன்ல?" என்றவர் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, குழந்தையை ஒரே பிடியாகப் பிடித்தார்.

"சார், கொஞ்சம் லூசா பிடிங்க. குழந்தைக்கு மூச்சு முட்டுது."

ஊசி போட்டாயிற்று. "அவ்வளவுதானா?" என்றது குழந்தை. பதில் சொல்ல அப்பா நாற்காலியில் இல்லை. மூட்டை சரிவதுபோலச் சரிந்து மேஜைக்கு அடியில் கிடந்தார்.

"சிஸ்டர், அப்பாவுக்கும் ஒரு ஊசி போடுங்க, சரியாயிடும்" என்றாள் மகள்.

அந்தச் சொல் காதில் விழுந்த வேகத்தில் எழுந்து உட்கார்ந்தார் பாருங்கள், நர்ஸே மிரண்டுபோனார். அழாத குழந்தைகளுக்குக் கொடுக்கும் நட்சத்திர ஸ்டிக்கரை வாங்கிய மகள், அப்பாவின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, அதை அவர் சட்டையில் ஒட்டினாள். அவருக்குத்தான் தேவை அதிகம் என்று பட்டிருக்க வேண்டும்.

ஊசிக்கு முன்பே தொற்றியிருந்தால் தெரிந்துவிடும் என்கிற அந்த மூன்று வாரமும் பக்கத்து வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது. இவரோ தினமும் காலையில் லிஃப்ட் குழிக்குள் அடிக்கும் டார்ச்சை மகளின் காதுக்குப் பின்னால் அடித்துப் புள்ளி தேடினார். ஒருநாள் கழுத்தில் ஒன்று அகப்பட்டது. சிவப்பு! மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, நாலு தெரு ஓடினார். நர்ஸ் பஞ்சால் துடைத்தார், புள்ளி போய்விட்டது. அம்மா கொண்டுவந்த பன்னிலிருந்த ஜாம்.

மூன்று வாரம் முடிந்தது. இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. கதவு முழுசாகத் திறந்தது. பாதத்துக்கு முத்தம் கிடைத்தது. நம்மவர் அன்று படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். தூசி என்றார்.

திருந்திவிட்டாரா? இப்போது லிஃப்டில் மாட்டுகிறவர்களையெல்லாம், "குழந்தைக்கு எல்லா ஊசியும் போட்டாச்சா? தள்ளிப்போடவே கூடாது சார்" என்று பிடித்துக்கொள்கிறார். மூன்றாவது மாடிக்குப் போகிறவர்கள் படியில் ஏறுகிறார்கள்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு உங்கள் மைத்துனர் ஞாபகம் வந்திருப்பார். அப்படியே அவரைத்தான் எழுதியிருக்கிறது என்று சிரித்தும் இருப்பீர்கள். நல்லது. அவரும் இதே பக்கத்தைப் படித்துவிட்டுத்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறார். யாரை நினைத்து என்று ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்.