எழுபது கிலோவுக்கு ஓர் அலைன்மெண்ட்

"என் உயிர் இருக்கிற வரைக்கும் இந்த வண்டி ஒரு அங்குலம்கூட உயராது" என்று ஆடிட்டர் சாப்பாட்டு மேசையில் சபதம் செய்தார்.

அவர் மனைவி தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "சரிங்க" என்றாள்.

அவள் சண்டை போட்டால் ஆடிட்டருக்குப் பயமில்லை. சரி என்று சொன்னால்தான் பயம்.

வண்டி என்றால் லேசுப்பட்ட வண்டி இல்லை. ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், பளீர் சிவப்பு. பிறவியிலேயே குள்ளமான அதை, ஸ்பிரிங்கை மாற்றி இன்னும் தாழ்த்தி வைத்திருந்தார் மனுஷர். வேகத்தடையைக் கண்டால் மூன்று தெரு சுற்றிப் போவார். மாமியார் ஒருமுறை ஆசையாக ஏறி உட்கார்ந்தார். இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது; அதில் ஒருவர் வழியே போனவர். அன்றிலிருந்து வீட்டம்மாவுக்கு ஒரே கோரிக்கைதான். பழைய ஸ்பிரிங்கைப் போட்டு வண்டியைப் பழையபடி உயர்த்த வேண்டும்.

நேரம் பார்த்து வண்டியும் காலை வாரியது. தாழ்த்திய நாளிலிருந்து ஸ்டீயரிங் இடது பக்கமே இழுத்தது. முன் சக்கரங்கள் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு நின்றன. டயரின் உள் விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்துவிட்டது.

"தாழ்த்தினா அப்படித்தான் ஆகும். சக்கரத்தை நேராக்கற வீல் அலைன்மெண்ட் பண்ணா சரியாயிடும்" என்றார் ஆடிட்டர்.

"பண்ணுங்க. நேரா போச்சுன்னா தாழ்வாவே இருந்துட்டுப் போகட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். இழுத்துதுன்னா பழைய ஸ்பிரிங். சம்மதமா?"

"சம்மதம்."

கடைக்குக் கொண்டு போகலாமென்றால், அலைன்மெண்ட் மேடையில் ஏறும்போதே வண்டியின் முகவாய் தட்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை வாசலிலேயே கடை விரித்தார் ஆடிட்டர். நான்கு மூலையில் ஸ்டாண்டு வைத்து, வண்டியின் இரண்டு பக்கமும் விறைப்பாக நூல் கட்டினார். நூலிலிருந்து சக்கரத்தின் முன் விளிம்பு எவ்வளவு, பின் விளிம்பு எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். வித்தியாசத்துக்குத் தக்கபடி அடியில் இருக்கும் கம்பியைத் திருக வேண்டும். அவ்வளவுதான் வித்தை. அடியில் நுழைந்து பார்த்தார். கை போயிற்று, தலை போயிற்று, நடுவில் இருந்தது போகவில்லை. சரி போ என்று சக்கரத்தை ஒருபக்கமாக ஒடித்து வைத்து, பக்கவாட்டில் கையை விட்டுக்கொண்டார்.

இதற்குள் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதிலில் வந்து சாய்ந்தாயிற்று. ஊரார் வாயைத் திறக்கச் சொல்வது அவர் தொழில். தன் வாயை மூடி அவருக்குப் பழக்கமில்லை.

"என்ன சார், வண்டிக்கு வேலி போடறீங்களா?"

ஆடிட்டர் அதைக் காதில் வாங்காமல் மனைவியிடம் விளக்கினார். "இவ்வளவு தாழ்வான வண்டின்னா, ஓட்டறவரோட எடை சீட்டுல இருக்கும்போதுதான் அளக்கணும். ஆள் உட்கார்ந்தா ஸ்பிரிங் அமுங்கும், சக்கரம் சாயறது மாறும். நான் உட்கார்ந்துட்டா யார் அளக்கறது?"

"நான் உட்கார்றேன்."

"உன் எடை வேற, என் எடை வேறம்மா."

"நான் ஐம்பத்தெட்டு. மிச்சத்துக்கு மடியில ஏதாவது வெச்சுக்கறேன். உங்க எடை எவ்வளவு, சொல்லுங்க."

ஆடிட்டர் நூலைப் பார்த்தார். ஆபீஸில் ஒரு பைசா உதைத்தால்கூடக் கையெழுத்துப் போடமாட்டார். ஆனால் இந்த ஒரு கணக்கு மட்டும் கல்யாணத்தன்று மூடிய கணக்கு. பேண்ட் அளவு மாறிக்கொண்டே வந்தது, சொல்லும் எடை மாறவில்லை. உண்மை எடை தொண்ணூற்றிரண்டு. அது அவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும் என்பது அவர் நம்பிக்கை.

"எழுபது" என்றார்.

"எழுபதா?" என்றார் டாக்டர்.

"எழுபதுதான் டாக்டர்."

"நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க சார்."

மனைவி தபால் ஆபீஸில் பார்சல் கவுண்டரில் உட்காருகிறவள். பெட்டியைத் தொப்பென்று வைக்கிற சத்தத்திலேயே எடையைச் சொல்லிவிடுவாள். தராசுக்குத் தலையாட்டுகிற வேலைதான் மிச்சம். உள்ளே போய், சோப்புத்தூள் பாக்கெட்டுகளை ஒரு பையில் போட்டு, கையால் ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தாள். "பன்னிரண்டு" என்று மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியையும் திருப்பினாள்.

"அதையெல்லாம் ஏம்மா மாத்தறே?"

"சும்மாதானே இருக்கேன்."

மதியத்துக்குள் வேலை முடிந்தது. இரண்டு பக்கமும் அளவு அச்சாக ஒத்துப்போயிற்று. ஆடிட்டர் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நூலைச் சுருட்டிவிட்டு, சீட்டைப் பின்னால் தள்ளி, ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தார். தெருவில் கொஞ்ச தூரம் போனதும் ஸ்டீயரிங்கை விட்டார். வண்டி தயங்காமல் வலது பக்கம் திரும்பி டாக்டர் வீட்டு மதிலை விசாரிக்கப் போயிற்று. சட்டென்று பிடித்து நிறுத்தினார்.

"ரோடு சரியில்லை" என்றார்.

"இறங்குங்க, நான் பாக்கறேன்."

சோப்புத்தூள் பையோடு ஏறினாள். தெருவின் நடுவில் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துக் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். வண்டி கோடு கிழித்த மாதிரி தெருக்கோடி வரைக்கும் போய், அதே மாதிரி திரும்பி வந்தது. டாக்டர் கை தட்டினார்.

"பொன்னாட்டம் போகுதுங்க. நீங்க ஜெயிச்சுட்டீங்க. வண்டி தாழ்வாவே இருக்கட்டும்" என்றாள் மனைவி.

ஆடிட்டர் சந்தோஷத்தில் டாக்டரைப் பார்த்துக் கையாட்டினார். பிறகுதான் உறைத்தது.

"எனக்கு மட்டும் ஏன் இழுக்குது?"

"அதான் எனக்கும் புரியலை. எழுபது கிலோவுக்குச் சரிபண்ணின வண்டி, எழுபது கிலோ உட்கார்ந்தா நேரா போகுது." அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. "நீங்க ஓட்டினா இழுக்குது. இழுத்தா பழைய ஸ்பிரிங்னு பேச்சு. நான் ஓட்டினா நேரா போகுது. எப்படி வசதின்னு நீங்களே சொல்லுங்க."

ஆடிட்டர் வண்டியைப் பார்த்தார். அதை அவர் எவ்வளவு நேசித்தார் என்பதை அன்றுதான் முழுசாக உணர்ந்தார்.

அவள் குரலை இறக்கி, நிஜமான பரிவோடு சொன்னாள்: "எடை சொன்னதுல ஏதாவது கைத்தவறு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நூல் இங்கதான் இருக்கு. சரியான எடையை வெச்சு மறுபடி அளந்தா, உங்களுக்கும் நேரா போகும்."

டாக்டர் மதிலுக்கு மேல் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு ஆடிட்டரின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"எழுபதுதான். ஸ்பிரிங்கை மட்டும் தொடாதே" என்றார்.

"அப்ப நாளையிலேருந்து பஸ்ஸுக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிளம்புங்க" என்று அவள் கார் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.