அட்டாக் சார்

பெங்களூரில் அட்டாக் சார் அளவுக்கு அடிக்கடி சாகத் தயாரானவர் யாரும் இருந்திருக்க முடியாது.

வைட்ஃபீல்டில் நான் தங்கியிருந்த பி.ஜி. விடுதியில் பக்கத்து அறைக்காரர். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. தனி ஆள். தட்டை வாங்கினால் ஐந்தே நிமிடத்தில் காலி. சாப்பிட்ட கையோடு கட்டிலில் சாய்ந்துவிடுவார். சற்று நேரத்தில் சுவரைத் தட்டுவார்.

"தம்பி, அட்டாக் வந்துடுச்சு!"

முதல் தடவை வெறுங்காலோடு ஓடினேன். இஸ்திரி போட்ட சட்டையில் நெஞ்சைப் பிடித்தபடி படுத்திருந்தார்.

"அழுக்குச் சட்டையோட போனா ஆஸ்பத்திரில எவன் மதிப்பான்?" என்றார். பிறகு பெரிதாக ஓர் ஏப்பம். "போயிடுச்சுப்பா. நீ போ."

வாரம் இரண்டு அட்டாக் என்று கணக்கானதும், மற்றவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்கள். பி.ஜி. ஓனர் மட்டும், "ஏன் சார், இன்னிக்கும் ஹார்ட்டா?" என்று விசாரிப்பார்.

ஒரு தொடர் விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது நாங்கள் இருவர்தான். மதியம் என் கண்ணெதிரே வாசலில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்த முறை சுவரைத் தட்டவில்லை. முகம் வெளுத்திருந்தது. எனக்கும் பயம் வந்தது. ஆட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "பேஷன்ட் பேரு?"

இரண்டு வருடப் பக்கத்து அறை, பெயர் தெரியவில்லை. அவரே படிவத்தை வாங்கி எழுதினார். 'உடன் வந்தவர் உறவு' என்ற இடத்தில் 'தம்பி' என்று போட்டார்.

ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா கேள்விகளைத் தொடங்கினார்.

"சாப்பிட்டுப் படுத்தா நெஞ்சு எரியுதா?"

"ஆமா."

"குனிஞ்சா அதிகமாகுதா? புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருதா?"

"ஆமா, ஆமா!"

"காலைல வறட்டு இருமல், குரல் கட்டிக்கிறது?"

"எப்படி மேடம் கரெக்டா சொல்றீங்க!" பரீட்சையில் பாஸானவர் மாதிரி பூரித்தார்.

"வயித்து அமிலம் மேல ஏறுது, அவ்வளவுதான். ஆனா நெஞ்சு வலி வந்தா அசிடிட்டின்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, இப்படி வந்து காட்டுங்க. சாப்பிட்டு மூணு மணி நேரம் படுக்கக் கூடாது. ஏன் உடனே படுக்கிறீங்க?"

"வேற என்ன மேடம் பண்றது? பேச யாரு இருக்கா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அவர் சீக்கிரமே சாப்பிட்டு முடித்ததும் கதவைத் தட்டினேன்.

"என்ன தம்பி?"

"படுக்காம மூணு மணி நேரம் ஓட்டணுமே சார்."

அறையில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார். என்ன பேசினோம் என்று நினைவில்லை. எனக்கும் அந்த ஊரில் பேச ஆளில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.