மவுசைத் துறந்த தீனதயாளன்

கட்சி மாறியவரைக்கூட நம்பலாம். புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நாள் பழைய கட்சியைத் திட்டுவார், அப்புறம் வேறு ஜோலி வந்துவிடும், அடங்கிவிடுவார். கருவி மாறியவர் இருக்கிறாரே, அவர் அடங்கவே மாட்டார். நேற்றுவரை உங்களையும் என்னையும் போலப் பழையதை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர்தான். புதிதாக ஒன்றை வாங்கி அது கைக்குப் படிந்துவிட்டதோ, தீர்ந்தது. அவர் வாங்கியது பொருளில்லை, ஞானம். ஞானம் வந்தவர் சும்மா இருப்பாரா? பழைய கருவியோடு நிம்மதியாகப் பிழைக்கிற உங்களைப் பார்த்ததும் அவர் நெஞ்சில் இரக்கம் பொங்கும். பக்கத்தில் வந்து, ஆஸ்பத்திரியில் நோயாளியை விசாரிக்கிற குரலில், "இன்னும் அதுலியேதான் ஓட்டிக்கினு இருக்கீங்களா?" என்பார்.

கள்ளக்குறிச்சியில் இந்த ஜாதிக்குத் தலைவர் தீனதயாளன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனர் டிசைன் கடை வைத்திருக்கிறார். பக்கத்துக் கடை என்னுடைய ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு தட்டிதான். ஆகவே அவருடைய ஞானோதயம் முழுவதும் என் காதில் விழுந்தே நடந்தது.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் மவுசைப் பிடித்து மவுசைப் பிடித்து அவருக்கு மணிக்கட்டில் வலி வந்தது. டாக்டர் மவுசைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள் என்றார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு பென் டேப்லெட் வரவழைத்தார். கறுப்பாக, சிலேட்டு மாதிரி ஒரு பலகை. கூட ஒரு பிளாஸ்டிக் பேனா. பலகையில் எழுதினால் பலகையில் ஒன்றும் விழாது, எதிரே கம்ப்யூட்டர் திரையில் விழும். அதுதான் அதில் விசேஷம். அதுதான் சிக்கலும். கை ஒரு பக்கம் எழுத, கண் வேறு பக்கம் பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து வயது வரைக்கும் எழுதுகிற கையையே பார்த்துப் பழகியவருக்கு அது எப்படி வரும்? குனிந்து கையைப் பார்ப்பார். அதற்குள் திரையில் கோடு எங்கேயோ ஓடியிருக்கும். முதல் வாரத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலியில், காலமானவரின் மீசை ஒரு பக்கம் காதுவரைக்கும் போய்விட்டது. அந்த வீட்டார் பார்த்துவிட்டு, உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கும் என்று வாங்கிப் போனார்கள்.

பழகிவிட்டார். மணிக்கட்டு வலியும் நின்றது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும் இல்லையா? உங்களுக்கும் எனக்கும் முடிந்திருக்கும். அவருக்கு இங்கேதான் ஆரம்பித்தது.

சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடுகிற கறுப்புக் கையுறை ஒன்று வந்தது. கை பலகையில் வழுக்கிக்கொண்டு போவதற்காம். அதைப் போட்டுக்கொண்டே டீக்கடைக்குப் போனார். தீக்காயமா, நாய்க்கடியா என்று எல்லோரும் விசாரித்தார்கள். அவருக்கு வேண்டியதும் அந்த விசாரணைதான். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, அழுத்தி வரைந்தால் கோடு தடிக்கும், லேசாகத் தொட்டால் மெலியும், மொத்தம் எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அழுத்தம் இருக்கிறது என்று டீ மாஸ்டருக்கு விளக்குவார். மாஸ்டர் தலையாட்டிக்கொண்டே அடுத்த கிளாசை ஆற்றுவார். பேங்கில் போய், மவுசைப் பிடித்திருந்த கேஷியரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். என் கடைக்கு வந்து, நான் மவுசைப் பிடித்திருப்பது கோடாலிக் காம்பால் கோலம் போடுவது மாதிரி இருக்கிறது என்றார். நான் ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் கோலம் எங்கே வந்தது என்று கேட்டேன். அங்கேதான் நான் தப்புப் பண்ணுகிறேன் என்றார்.

தன் மவுசை அவர் ஒருநாள் ஒயரைச் சுற்றி, மஞ்சள் பையில் போட்டு, கடை வாசலில் இருக்கும் குப்பைத் தொட்டியில் இறக்கிவிட்டு வந்தார். முகத்தில் தலைமுழுகிவிட்டு வந்த களை இருந்தது. அவர் மனைவி விஜயலட்சுமி இரண்டாவது கம்ப்யூட்டரில் தன் மவுசோடு விலைப்பட்டியல் அடித்துக்கொண்டிருந்தார். அந்த மவுசையும் தீனதயாளன் இரண்டு மூன்று தடவை பார்த்தார். அந்த அம்மாள் அவரைப் பார்த்த ஒரு பார்வையில் அதை விட்டுவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் கச்சிராயபாளையத்திலிருந்து பச்சமுத்து வந்தார். கரும்பு விவசாயி. மகள் எழில்மதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரவீன்குமார், மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலையில் வேலை. கள்ளக்குறிச்சியில் மண்டபம். பச்சமுத்து கேட்டது எல்லோரும் கேட்பதுதான்: பெண் போட்டோ, மாப்பிள்ளை போட்டோ பெரிதாக, கீழே சொந்தக்காரர்கள் தலைகள் வரிசையாக. அரைமணி நேரத்து வேலை.

தீனதயாளன் போட்டோக்களை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒட்டுகிற வேலையெல்லாம் தான் விட்டுவிட்டதாகவும், இனிமேல் வரைவதுதான் என்றும் சொன்னார். பச்சமுத்து அதற்கு ஜாஸ்தி ஆகுமா என்று மட்டும் கேட்டார். ஆகாது என்றதும், ஏதோ நல்லது நடக்கிறது என்று போய்விட்டார்.

மூன்று நாள் தட்டிக்கு அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம். கல்யாண பேனர் என்றால் பின்னால் வெளிநாட்டுப் பனிமலை இருக்கும், நம் ஊர் வழக்கம் அதுதான். இவர் கல்வராயன் மலையையே மரம் மரமாக வரைந்தார். பெண்ணின் முகத்தை அவ்வளவாகத் தொடவில்லை. அது ஏற்கெனவே நன்றாக இருக்கிறது, கலைஞனுக்கு அதில் வேலையில்லை என்று சொல்லிவிட்டார். முழு ஞானமும் மாப்பிள்ளை மேல் இறங்கியது. மச்சம் போனது. மூக்கு நிமிர்ந்தது. தாடை கூர்மையானது. மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனி அழுத்தத்தில் முளைத்தது. கடைசி நாள் விஜயலட்சுமி எட்டிப் பார்த்தார்.

"இது யாருங்க?"

"மாப்ள."

"எந்த மாப்ள?"

அவர் மீசையில் இன்னும் ஒரு முடியை வரைந்தார். பச்சமுத்துவுக்கு ஒரு தடவை போனில் அனுப்பிக் காட்டிவிட்டு அடிக்கலாம் என்று அந்த அம்மாள் சொன்னார். சின்னத் திரையில் பார்த்தால் அழுத்தம் தெரியாது, நேரே கட்டட்டும், ஊரே பார்க்கட்டும் என்று இவர் பிரின்டுக்கு அனுப்பிவிட்டார். மண்டபத்து வாசலில் சாயங்காலமே உயரமாகக் கட்டியும் ஆகிவிட்டது. பெண் வீட்டில் எல்லோரும் பந்தல், சமையல் என்று ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. வந்தது என்றால், வந்து, நிற்காமல் போய்விட்டது. வேனில் முன்சீட்டில் இருந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் பூமாலை. அவர் பேனரைப் பார்த்தார், தெரியாத ஆள் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான், நம்ம மண்டபம் இது இல்லை, இன்னும் போ என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார். அடுத்த தெருவில் இன்னொரு மண்டபத்தில் இன்னொரு கல்யாணம், வாசலில் பேனர் இல்லை. வேனைக் கண்டதும் அங்கே மேளம் கொட்டியது. பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் நீட்டினார்கள், பந்தியில் உட்கார வைத்தார்கள். இவர்கள் பொங்கலை முடித்துக் காப்பிக்கு வந்தபோதுதான் அந்தக் கல்யாணத்து நிஜ மாப்பிள்ளை வந்து இறங்கினார்.

பச்சமுத்து போன் போட்டுப் போட்டு, வாசலில்தான் நிற்கிறோம் என்று கெஞ்ச, வேன் திரும்பி வந்தது. இப்போது பூமாலை இறங்கி நின்று பேனரை முழுதாகப் படித்தார். பெயர் பிரவீன்குமார். ஊர் மூங்கில்துறைப்பட்டு. முகம் மட்டும் வேறு. ஒரு தாய்மாமன் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவார்? வேறு இடத்தில் பேசி, பேனர்வரைக்கும் அடித்து, அது தட்டிப்போய், பெயரை மட்டும் மாற்றிப் பெண்ணை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். அவர் அதைச் சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. பச்சமுத்துவின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய், "அந்தப் பையன் யாருங்க?" என்று மட்டும் கேட்டார். மகளைப் பெற்றவனுக்கு அந்தக் கேள்வி எங்கே போய்த் தைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பச்சமுத்து கரும்புத் தோட்டத்தில் பாம்பை மிதித்தவர் மாதிரி நின்றார். மாப்பிள்ளை வேனை விட்டு இறங்க மாட்டேன் என்றார்.

தீனதயாளனைக் கூட்டிவர ஆள் ஓடியது. பெண் வீட்டுப் பத்திரிகை எனக்கும் வந்திருந்ததால் நானும் அங்கேதான் நின்றிருந்தேன். அவர் லேப்டாப்பும் பலகையுமாக, கையுறை போட்டுக்கொண்டு, பேனா காதில் இருக்க வந்து சேர்ந்தார். பயந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? தன் வேலையை இத்தனை பேர் நின்று பார்க்கிறார்களே என்று அவர் முகம் மலர்ந்திருந்தது. அது மாப்பிள்ளைதான், கொஞ்சம் மெருகேற்றியிருக்கிறேன் என்றார். யாரும் நம்பவில்லை. அப்படியானால் நிரூபிக்கிறேன் என்று வேனுக்குள் ஏறி, மாப்பிள்ளைக்குப் பக்கத்துச் சீட்டில் லேப்டாப்பை வைத்துத் திறந்தார்.

அந்தப் படம் அடுக்கடுக்காக வரைந்த படம். அடியில் அசல் போட்டோ, மேலே மீசைக்கு ஒரு அடுக்கு, மூக்குக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று. பேனாவால் தொட்டு ஒவ்வொரு அடுக்காக மறைத்துக்கொண்டே வந்தார். மீசை சொட்டையானது. தாடை உருண்டது. மூக்கு அகன்று உட்கார்ந்தது. கடைசியில் மச்சம் வந்து சேர, பிரவீன்குமார் திரையில் முழுதாக வந்துவிட்டார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த கூட்டம் ஆறுதலாக மூச்சு விட்டது. பூமாலையே பச்சமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டார். எல்லாம் சரியாயிற்று, ஒரே ஒருத்தருக்குத் தவிர. இருபது பேர் பார்க்க, தான் படிப்படியாக அவலட்சணமாகிக்கொண்டு வந்ததை அந்தப் பையன் கண்ணெதிரே பார்த்திருந்தார்.

"அப்போ என் மூக்குல இன்னாங்க கொற?" என்றார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? ஒரு குறையும் இல்லை தம்பி என்பீர்கள். ஞானி பொய் சொல்வாரா? தீனதயாளன் பேனாவை எடுத்து, மூக்கின் இடதுபுறம் எங்கே மேடு, வலதுபுறம் எங்கே பள்ளம், இரண்டுக்கும் எந்தெந்த அழுத்தத்தில் நிழல் கொடுத்தார் என்று விவரமாகக் காட்டினார். கூட்டம் திரையைப் பார்த்தது, மூக்கைப் பார்த்தது, மறுபடி திரையைப் பார்த்தது. பூமாலைகூட, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவர், ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டார். பிரவீன்குமார் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்துவிட்டார்.

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஐயர் ரெண்டு தடவை ஆள் அனுப்பினார். பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், மாப்பிள்ளையின் அம்மா அழுதார், துண்டு இறங்கவில்லை. பேனரை அவிழ்த்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அவிழ்த்தால் மூக்கு மாறிவிடுமா என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. தீனதயாளன் தன் பங்குக்கு, வேண்டுமானால் தாலி கட்டும் போட்டோக்களையெல்லாம் தானே திருத்தித் தருவதாகச் சொன்னார். அவரை வேனிலிருந்து இறக்கினார்கள். பிடித்து இறக்கினார்கள் என்பது சரியாக இருக்கும்.

அப்போது மணப்பெண்ணே வந்துவிட்டாள். பட்டுச்சேலையும் மாலையுமாக வாசலைத் தாண்டி ரோட்டுக்கு. தடுக்க வந்த அத்தைகள் பின்னாலேயே வந்தார்கள். எழில்மதி அண்ணாந்து பேனரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். வேன் ஜன்னலுக்கு வந்தாள்.

"மேல இருக்கறவரு யாருன்னே எனக்குத் தெரியாது. பொண்ணு பாக்க வந்திருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன், கண்ணாடிய வுட்டு நகர மாட்டாரு போல இருக்குது. நான் சரின்னு சொன்னது உங்களுக்குங்க. மூக்கோட சேத்துதான். எறங்கி வாங்க. காலையிலருந்து ஒண்ணும் சாப்புடல, பசிக்குது."

துண்டு மெல்ல இறங்கியது. அந்தப் பையன் அவளைப் பார்த்தார், ஒரு கணம் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினார். மேளக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து பிடித்தார்கள். தாலி நேரத்துக்கே ஏறியது. பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் தடவை பொங்கல் சாப்பிட்டார்கள்.

தீனதயாளன் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். எதற்குத் திருந்த வேண்டும்? தப்பு தன் மேல் இல்லை, வேனுக்குள் வெளிச்சம் கம்மி என்பது அவர் கட்சி. அவர் கட்சிதான் ஜெயித்தது. அடுத்த வாரமே கல்யாணத் தரகர்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். பேனரில் இருந்த அந்த மூக்கைத் தங்கள் பையன்களுக்கும் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்கள். போட்டுக்கொண்டேயிருக்கிறார். இன்றைக்கு இந்தத் தாலுகாவில் பெண் தேடும் பையன்கள் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே மூக்கு. பெண் வீட்டார் குழம்பிப்போய், போன மாசம் வந்தவரே மறுபடி வந்திருக்கிறாரா என்று கேட்கிறார்களாம். விஜயலட்சுமி அந்த போன்களுக்குப் பதில் சொல்லியே மணிக்கட்டு வலியை வாங்கிக்கொண்டார். கல்யாணமான ஒரு மாதத்தில் பிரவீன்குமார் தனியாக என் கடைக்கு வந்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, அந்தப் படத்தை வாங்கித் தர முடியுமா, வாட்ஸப்பில் வைக்க வேண்டும் என்றார். இப்போது வைத்திருக்கிறார். எழில்மதி அதில் அவர் கூப்பிட்டபோது, படத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்து ரெண்டு தடவை எடுக்கவில்லையாம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இதை நீங்கள் தாளில் படிக்கிறீர்களா, போனிலா? எதில் வேண்டுமானாலும் படியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நான் கேட்டதும், நீங்கள் படிப்பதுதான் ஏன் மேல், மற்றதில் என்ன கோளாறு என்று உள்ளே ஒரு விளக்கம் புறப்பட்டதா? நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டதா? பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டீர்களா?

பாவம், பக்கத்தில் இருப்பவர். அவரை விட்டுவிடுங்கள்.