உன் மாமா டப்பா திறந்த கதை

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம், உன் மாமாவின் இடது கைக் கட்டைவிரல் ஒன்றைத் தவிர. அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி இல்லாவிட்டாலும், எதிலிருந்தும் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளத்தான் உனக்குத் தெரியுமே.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பஸ் டிப்போவின் உதிரிபாகக் கிடங்கிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் உன் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் எதைக் கேட்டாலும் "ம்" என்பார். என்னைக் கட்டின மனுஷர் இப்படியே கல்லாகிவிடுவாரோ என்று பயந்து உன்னிடம் சொன்னவள் நான்தான். நீ வந்தாய். கம்பெனி கம்பெனியாகப் போய்த் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறவன் அல்லவா, அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, "மாமா, நம்மளச் சுத்தி இருக்கற ஒவ்வொரு சாமானும் ஒரு பாடம். இந்த ஜிப்பையே எடுத்துக்குங்க, கண்டுபிடிச்ச புதுசுல ரொம்ப காலத்துக்கு அது ஒழுங்கா வேலையே செய்யல. போதும்னு விட்டிருந்தா இன்னிக்கும் நாம எல்லாரும் பட்டன்தான் போட்டுக்கிட்டிருப்போம்" என்றாய். நீ எழுதிய புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டாய். மாட்டிக்கொண்டது நான்.

மறுநாளே பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஜிப்பை ஆராய்ச்சி செய்தார். கழுத்து வரை ஏறியது, அப்புறம் இறங்க மாட்டேன் என்றது. நான் கத்தரிக்கோலோடு போனால், "வெட்டக் கூடாது. விடாமுயற்சின்னா என்னன்னு இன்னிக்குத் தெரிஞ்சுக்கப் போறேன்" என்று சொல்லி, கொளுத்துகிற வெயிலில் அந்தக் கோட்டோடு கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தார். டாக்டர் எழுந்து ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்ததும் நான் ஜிப்பில் சோப்பைத் தேய்த்தேன், வழுக்கிக்கொண்டு இறங்கியது. "பாத்தியா, பொறுமையா இருந்தா வழிக்கு வருது" என்றார். சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்து லிஃப்ட். மேல்மாடி டியூஷன் டீச்சரும் இவரும் ஏறியபோது அது பாதியில் நின்றுவிட்டது. பேசாமல் மணியை அழுத்திவிட்டு நிற்க வேண்டியதுதானே? "பயப்படாதீங்க டீச்சர். கயிறு அறுந்தாலும் விழாம பிடிச்சு நிறுத்தற பிரேக் வந்த பிறகுதான் ஜனங்க நம்பி ஏறவே ஆரம்பிச்சாங்க" என்று தைரியம் சொல்லியிருக்கிறார். டீச்சர் அதுவரை கயிறு அறுபடும் என்று நினைக்கவே இல்லையாம். இப்போது மூட்டுவலியோடு படியில்தான் ஏறுகிறார், என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மகள், உன் மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிற வேலை அவளுக்குக் கிடைத்திருக்கிறது, கார் ஓட்டும் உரிமம் எடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். தேர்வில் மூன்றாவது முறையும் தோற்றுவிட்டு வந்தாள். வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னதும் கால் உதறுகிறதாம். "இனிமே ஸ்டியரிங்கையே தொட மாட்டேன்மா, அந்த வேலையும் வேணாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் மாமா உன் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு அன்னாசித் துண்டு டப்பா ஒன்றையும் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அவள் அறை வாசலில் உட்கார்ந்தார். "கண்ணு, தகர டப்பா வந்து பல வருஷம் கழிச்சுத்தான் அதைத் திறக்கற கருவியே வந்துச்சு. அதுவரைக்கும் ஜனங்க உளியாலதான் திறந்தாங்க. எப்படின்னு பாரு" என்று ஓங்கி ஒரு அடி. அன்னாசிச் சாறு கூரை வரை போனது. விரலில் ரத்தம்.

டாக்ஸிக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. உன் மருமகள் வெளியே வந்தாள், அவர் விரலில் துண்டைச் சுற்றினாள், எங்கள் காரின் சாவியை எடுத்தாள். ஓட்டப் பழகுகிறவள் பக்கத்தில் உரிமம் உள்ள ஆள் இருக்க வேண்டுமாம், அந்த ஆள் ரத்தம் சொட்டச் சொட்ட உன் மாமாதான். வழியெல்லாம், "முன்னால இருக்கற கண்ணாடி எவ்வளவு பெரிசு, பின்னால பாக்கற கண்ணாடி எவ்வளவு சின்னது, ஏன்னு யோசிச்சியா கண்ணு" என்று தொடங்கினார். "அப்பா, வாயை மூடிட்டுச் சாஞ்சு உக்காருங்க. உங்க தலை அந்தச் சின்னக் கண்ணாடியை மறைக்குது" என்றாள். அவள் குரலே மாறியிருந்தது. கிளினிக்கில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு சந்து. பின்னால் எடுத்து ஒரே தடவையில் நிறுத்தினாள். அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். உன் மாமா ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைப் பற்றி நர்ஸிடம் பேசப் போய்விட்டார்.

புதன்கிழமை அவளுக்கு மறுபடி தேர்வு, அவளே போய்ப் பதிந்துவிட்டு வந்தாள். தேறிவிட்டால் எல்லாம் உன் புத்தகத்தால்தான் என்று உன் மாமா ஊரெல்லாம் சொல்வார், அப்புறம் இந்த வீட்டில் மனுஷர் இருக்க முடியாது. ஆகவே நீ உடனே, "மாமா, நான் சொன்னதெல்லாம் கம்பெனிக்காரர்களுக்குத்தான், வீட்டுக்குப் பொருந்தாது" என்று அவருக்கு நாலு வரி எழுதிப் போடு. அக்கா பேச்சுக்கு மரியாதை இருந்தால் செய்.

குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று எழுது. நீங்கள் மூவரும் உளி, சுத்தியல் எதுவும் கைக்கு எட்டாமல் நீண்ட காலம் நலமாக வாழ வேண்டும்.

உன் அக்கா.

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து கடிதம் வீட்டிலேயே கிடந்தது. அதற்குள் தேர்வும் முடிந்துவிட்டது. இந்த முறையும் போச்சு. பின்னால் எடுத்து நிறுத்துவதில் குறையில்லை, கைப்பிரேக்கை விடுவிக்காமல் கிளம்பிவிட்டாளாம். "அடுத்த தேதிக்கு எழுதிக் குடுத்துட்டேன்மா. ஆபீஸ்லயும் கேட்டேன், கொஞ்ச நாள் பொறுத்துக்கறாங்களாம். பசிக்குது" என்று உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். உன் மாமாதான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இரண்டு நாளாக வீட்டில் ஒரு பாடம் கிடையாது. எனக்குத்தான் தாங்கவில்லை. கொடியிலிருந்த துணி கிளிப் ஒன்றை எடுத்துப் போய் அவர் கையில் வைத்து, "இதை யாருங்க கண்டுபிடிச்சிருப்பாங்க?" என்றேன். அழுத்தி அழுத்திப் பார்த்தார். "தெரியலையே" என்றார். கொஞ்ச நேரத்தில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

ஆகவே மேலே கேட்டதைக் கேட்காததாக வைத்துக்கொள். துணி கிளிப்பைப் பற்றி உனக்கு ஏதாவது தெரிந்திருந்தாலும் அவரிடம் சொல்லித் தொலைக்காதே. அவரே தேடட்டும்.